மாத்திரை போடாமல் வரவும்

எங்கள் பக்கத்தில் மெடிக்கலுக்குப் போகிறோம் என்றால், நோயைக் காட்டப் போகிறோம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மறைக்கத்தான் போகிறோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தேர்வாய் கண்டிகையிலும் வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனியில் உடம்பைப் பரிசோதிப்பார்கள். ரத்தம் குறைவு என்று எழுதிவிட்டால் கான்ட்ராக்டர் அடுத்த மாசம் கூப்பிட மாட்டான். அதனால் பெண்கள் நாங்கள் ஒரு வாரம் முன்பிருந்தே பேரீச்சம்பழமும் பீட்ரூட்டுமாகத் தின்று தீர்ப்போம். பிரஷர் இருக்கிறவன் அன்றைக்கு டீ குடிக்க மாட்டான். கண் மங்கலானவன், முன்னால் போய் வந்தவனிடம் கேட்டுப் போர்டின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு போவான். இதை யாரும் தப்பென்று நினைப்பதில்லை. உடம்பைப் பற்றி அங்கே உண்மை பேசிவிட்டு வீட்டுக்கு வந்து எதை உலையில் போடுவது?

இந்த வித்தையில் என் வீட்டுக்காரர் எபினேசர் பெரிய கெட்டிக்காரர். அவருக்கு வலது கை நடுங்க ஆரம்பித்து ஆறு வருஷமாகிறது. பார்க்கின்சன் என்று திருவள்ளூரில் ஒரு டாக்டர் பெயர் சொல்லி மாத்திரை எழுதிக்கொடுத்தார். தகடு அழுத்துகிற பிரஸ் ஷாப்பில் இருந்தால் விரல் போய்விடும் என்று இவரே கேட்டு ஸ்டோர்ஸுக்கு மாறிக்கொண்டார். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. மற்றபடி கம்பெனியில் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். நடுங்குகிற கை எப்போதும் பாக்கெட்டுக்குள். கழுத்தில் தொங்குகிற ஐடி கார்டின் பிளாஸ்டிக் உறைக்குள், போட்டோவுக்குப் பின்னால், கத்தரித்த மாத்திரைப் பட்டை. வேளை வந்தால் கக்கூஸுக்குப் போய் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். மெடிக்கல் அன்றைக்கு ஒன்றுக்கு ஒன்றரையாகப் போட்டுக்கொண்டு கம்பீரமாகப் போய் நிற்பார். ஃபிட் என்று எழுதித் தருவார்கள். அன்று சாயங்காலம் கோழிக்கறி வாங்கிக்கொண்டு வருவார்.

அதெல்லாம் மாத்திரை நன்றாக வேலை செய்த காலம். அப்புறம் ஒரு மாத்திரையின் பலம் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்கவில்லை. பலம் இருக்கும்போது நடப்பார், சாப்பிடுவார், என்னோடு சண்டை போடுவார். பலம் இறங்கினால் நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடிதான். முதுகுவலி என்று கம்பெனிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு லீவில் இருந்தார். மாசக்கணக்கில் எவனுக்கு முதுகு வலிக்கும் என்று ஸ்டோர்ஸில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

ராத்திரியில் அவரால் தானாகத் திரும்பிப் படுக்க முடியாது. நான்தான் எழுந்து தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துத் திருப்பிப் போடுவேன். ஒரு ராத்திரிக்கு ரெண்டு தடவை, சில நாள் மூன்று. மனுஷர் அதற்கெல்லாம் கண்ணே திறக்க மாட்டார். நன்றாகத் தூங்குகிறார் என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே திருப்புவேன். எனக்கு அது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பகலில் யாரிடம் பேச நேரம் இருக்கிறது? எங்கள் பேக்கிங் லைனில் சூப்பர்வைசர் ரகு யாரை என்ன திட்டினான், என் பக்கத்தில் நிற்கிற குணசுந்தரி அவனுக்கு என்ன பதில் கொடுத்தாள், எல்லாம் சொல்லுவேன். ரெண்டு தடவை கக்கூஸ் போனதற்கு குணசுந்தரிக்கு அவன் மெமோ நீட்டியதைக்கூடச் சொன்னேன். சில ராத்திரி, நீ படுத்த படுக்கையாய்ப் போய்விட்டால் நான் என்னய்யா செய்வேன் என்றும் சொல்லுவேன். விடிந்தால் அப்படியெல்லாம் நான் பேசுகிறவள் இல்லை.

திருவள்ளூர் டாக்டர்தான் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே டாக்டர் நந்தினி என்று ஒரு அம்மா. வயசு குறைவு, பேச்சு கறார். மூளைக்குள் மெல்லிசாக ரெண்டு கம்பி வைத்து, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் ஒரு பேட்டரியைப் புதைத்து, ரெண்டையும் ஒயரால் இணைத்துவிடுவார்களாம். அந்தக் கரண்ட் போகப் போக உடம்பின் இறுக்கம் தளருமாம்.

"ஆனா எல்லாருக்கும் இதைச் செய்ய மாட்டோம். யாருக்குப் பலன் கிடைக்கும்னு பல டெஸ்ட் வெச்சுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுப்போம்" என்றார்.

தேர்ந்தெடுப்போம் என்ற வார்த்தையைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஞாபகசக்தி டெஸ்டில் கடிகாரம் வரையச் சொன்னார்கள், சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். எல்லாம் சரியாகச் செய்தார். ஸ்கேனும் எடுத்தார்கள், கோளாறு இல்லை. கடைசியில் டாக்டர், "இந்த ஆபரேஷன்லேர்ந்து நீங்க என்ன எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார்.

"நல்லா உழைப்பேன் மேடம். எந்த ஷிஃப்ட் போட்டாலும் பாப்பேன்" என்றார் இவர்.

டாக்டர் ஒரு நிமிஷம் அவரையே பார்த்துவிட்டு எதையோ எழுதிக்கொண்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை வரவேண்டும், முந்தின நாள் ராத்திரியிலிருந்து பார்க்கின்சன் மாத்திரை எதுவும் போடக் கூடாது என்று சொல்லி, சீட்டிலும் 'மாத்திரை போடாமல் வரவும்' என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் அவரைச் சட்டை போட வைப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கட்டை மாதிரி இருந்தார். துணைக்கு யேசுதாஸ் வந்தான். இவரோடு ஸ்டோர்ஸில் ஒரே ஷிஃப்ட். விஷயம் தெரிந்த ஒரே சிநேகிதன். ஆட்டோவில் ஏற்றும்போது பார்த்தால் கழுத்தில் கம்பெனி ஐடி கார்டு.

"இது எதுக்குய்யா? ஆஸ்பத்திரில இன்னா பஞ்ச் அடிக்கப் போறியா?" என்று கேட்டேன்.

"ஒரு அடையாளத்துக்கு இருக்கட்டும்" என்றார். அவ்வளவு மெதுவாகப் பேசினால் காதில் விழுந்ததே பெரிது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். யேசுதாஸ் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனான். ரொம்ப நேரம் கழித்து வந்தார்கள். ரயில் பொன்னேரி தாண்டும்போது இவர் சாய்ந்தபடி கிடந்தார். மீஞ்சூர் தாண்டியதும் கால் மேல் கால் போட்டார். சென்னையில் இறங்கும்போது தானாகவே இறங்கினார். ஆஸ்பத்திரிப் படியை என் கையைக்கூடப் பிடிக்காமல் ஏறினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரெண்டு வாரமாக உபவாசம் இருந்து ஜெபித்திருந்தேன். கர்த்தர் கேட்டுவிட்டார் என்று அந்த வராந்தாவில் நின்றே ஸ்தோத்திரம் பண்ணினேன். யேசுதாஸும் குனிந்த தலை நிமிராமல் ஆமென் என்றான். அவனுக்கு நரகத்தில் தனி இடம் உண்டு.

டெஸ்ட் அறையில் ஒரு நாற்காலியும் ஒரு கேமராவும் இருந்தன. தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருந்தது. டாக்டர் சொல்லச் சொல்ல இவர் விரலைத் தட்டினார், கையை மூடித் திறந்தார், காலால் தரையைத் தட்டினார், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்தார், டேப் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார். ஒவ்வொன்றுக்கும் டாக்டர் மார்க் போட்டார். அப்புறம் மாத்திரையைக் கொஞ்சம் தூக்கலாகவே தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து அதே வேலைகளை மறுபடி செய்யச் சொன்னார்கள். செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரெண்டு தடவையும் நன்றாகத்தானே செய்திருக்கிறார்.

டாக்டர் பேனாவை மூடினார்.

"ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதாம்மா இருக்கு. மாத்திரைக்கு முன்னால, மாத்திரைக்குப் பின்னால, பெரிய வித்தியாசம் இல்ல. மாத்திரைக்குக் கேக்காத உடம்பு இந்த ஆபரேஷனுக்கும் கேக்காது. சும்மா மண்டையைத் துளைக்கக் கூடாது" என்றார். பிறகு இவர் பக்கம் திரும்பி, "காலைல மாத்திரை போட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இன்னா மேடம், எங்க ஊட்டுக்காரரைப் பொய்யன்னு சொல்றீங்களா? ராத்திரி பூரா மரக்கட்டை மாரி கெடந்தாரு. நான் பக்கத்துல கீறேன், எனக்குத் தெரியாதா? ஏழைங்கன்னா வாயில வந்தத்தைச் சொல்லிடறதா?"

"இருங்கம்மா, நான் சொல்ல வர்றதை…"

"ஒன்னியும் சொல்ல வோணாம். நீ எய்ந்து வாய்யா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

திரும்பி வரும் ரயிலில் இவருக்கு உடம்பு ஆட ஆரம்பித்தது. நடுக்கம் இல்லை, இது வேறு. தோளும் கழுத்தும் காற்றில் அசைகிற மாதிரி நெளிந்துகொண்டே இருந்தன. எதிரே இருந்த ஆள், "பட்டப் பகல்லயே ஏத்திக்கினு வந்துட்டான் பாரு" என்றான். அவனுக்கு நான் கொடுத்ததை இங்கே எழுத முடியாது. அதற்குள் இவர் குமட்டுகிறது என்றார். மூச்சு விடட்டும் என்று கழுத்து ஐடி கார்டைக் கழற்றினேன். போட்டோவுக்குப் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. உருவிப் பார்த்தால் கத்தரித்த மாத்திரைப் பட்டை. ரெண்டு குழி காலி.

"இன்னாய்யா இது?"

யேசுதாஸ் ஜன்னலுக்கு வெளியே எண்ணூர் உப்பங்கழியை அன்றைக்குத்தான் முதல்முறை பார்ப்பவன்போலப் பார்த்தான்.

"ஸ்டேஷன் கக்கூஸ்ல போட்டியா? ரெண்டா?"

"அப்பறம்?" என்றார் இவர். "கோணிக்கினு, விய்ந்து விய்ந்து நடந்தா எவன் செலக்ட் பண்ணுவான்? நல்லா கீறவனைத்தான் எடுப்பாங்க. ஆபரேஷன் தாங்கணும்ல? தாஸும் அதான் சொன்னான்."

"போடாம வரச் சொல்லி எழுதியே குடுத்தாங்களேய்யா! கோடு வேற இய்த்துக் குடுத்தாங்க!"

"கம்பெனிலகூடத்தான் எந்த நோயையும் மறைக்காதன்னு எழுதுவான். நாம கேக்கறமா?"

போன மெடிக்கலுக்கு நானும் பீட்ரூட் தின்றுவிட்டுப் போனவள்தான். ஆனால் இது அப்படிப்பட்ட மெடிக்கல் இல்லை. இதைவிட்டால் அவருக்கு வேறு வழியே இல்லை. மாத்திரையைக் கூட்டக் கூட்ட இப்படி நெளிவார், குறைத்தால் கட்டையாகிவிடுவார். இருந்த ஒரே கதவையும் இவர் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்திருக்கிறார், நான் வெளியே நின்று பூட்டும் போட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், மறுபடி போய் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்றேன். இவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

"முனுசாமி கதை தெரியும்ல?"

தெரியும். சர்க்கரை இருக்கிற முனுசாமி, மெடிக்கலில் தன் மச்சானின் மூத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து மாட்டிக்கொண்டான். அன்றைக்கே ஐடி கார்டை வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார்கள்.

"போங்கு அடிச்சவன்னு தெரிஞ்சா அவ்ளோதான் கிரேஸு. அந்த ஆஸ்பத்திரி வாசல்லயே சேக்க மாட்டாங்க. சும்மா பேஜாரு பண்ணாத."

அவர் வராவிட்டால் போகட்டும் என்று அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு நான் மட்டும் போனேன். வழியெல்லாம் என்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டே போனேன். காலில் விழவும் தயாராக இருந்தேன். எனக்கு அது சுலபமான காரியம் இல்லை. டாக்டர் நந்தினி என்னைப் பார்த்ததும் கதவைப் பார்த்தார். மறுபடி கத்துவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

"மேடம், அவரு மாத்திரை போட்டுக்கினுதான் வந்தாரு. எனக்கு சத்தியமா தெரியாது. நல்லா நடந்தாத்தான் எடுப்பீங்கன்னு நெனச்சிட்டாரு."

"தெரியும்" என்றார் டாக்டர். "முதல் டெஸ்ட்லயே அவர் தோள் நெளிஞ்சுது. மாத்திரை உள்ள இல்லாம அப்படி நெளியாது. திரும்ப ஒரு டெஸ்ட் வைக்கணும்னு சொல்ல வாயெடுத்தேன். நீங்க எங்க சொல்ல விட்டீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னித்துவிட்டேன், பரவாயில்லை என்றெல்லாம் அந்த அம்மா சொல்லவில்லை. சொல்லாததே எனக்கு நல்லதாகப் பட்டது.

"நல்லாக் கேட்டுக்கோங்கம்மா. மாத்திரை இல்லாம அவர் எவ்வளவு மோசம், மாத்திரை போட்டா எவ்வளவு நல்லா இருக்கார், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற தூரத்தைத்தான் நான் அளக்கறேன். அந்தத் தூரம் எவ்வளவு பெருசோ அவ்வளவு பலன் ஆபரேஷன்ல கிடைக்கும். அவர் மோசத்தை மறைச்சார்னா எனக்கு அளக்க ஒண்ணுமே இருக்காது. இந்தத் தடவை முந்தின நாளே அட்மிட் பண்ணிடுங்க. மாத்திரையெல்லாம் நர்ஸ் கையில இருக்கட்டும்."

"அந்த ஐடி கார்டு என் கையில இருக்கும் மேடம்" என்றேன்.

அந்த அம்மா சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

வீட்டில் இவர் நம்பவில்லை. மோசமாக இருந்தால்தான் நல்லதா, எந்த ஊரில் அப்படி மெடிக்கல் வைக்கிறார்கள் என்று யேசுதாஸுக்குப் போன் போட்டுக் கேட்டார். என்னிடம் ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருந்ததால் அவன், "எனுக்கு இன்னாடா தெரியும், கிரேஸு சொல்றத்தைக் கேளு" என்று போனை வைத்துவிட்டான்.

ரெண்டாவது டெஸ்டின்போது அதே அறை, அதே நாற்காலி. ராத்திரி முழுக்க மாத்திரை இல்லை. சக்கர நாற்காலியில்தான் கொண்டுவந்தார்கள். முகத்தில் அசைவே இல்லை, இமைகூட எப்போதோ ஒரு தடவைதான் மூடித் திறந்தது. விரலைத் தட்டச் சொன்னார் டாக்டர். ரெண்டு தட்டுக்கு மேல் விரல் நின்றுபோனது. காலும் அப்படித்தான். பிறகு கையைக் கட்டிக்கொண்டு எழுந்திருக்கச் சொன்னார். இவர் முன்னால் சாய்ந்தார், பாதி தூரம் எழுந்தார், தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். மறுபடி முயன்றார், மறுபடி உட்கார்ந்தார். என் கால் தானாக முன்னால் போனது.

"தொடாதீங்கம்மா" என்றார் டாக்டர்.

வீட்டில் அந்த நேரத்துக்கு நான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கியிருப்பேன். முந்தானையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது அவரைத் தூக்காமல் முழுசாகப் பார்த்திருக்கிறேனா என்றால், இல்லை. எவ்வளவு மோசம் என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது.

அடுத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொன்னார். நடுக்கத்தைப் பார்க்க வேண்டும். இவர் வலது கையைத் தொடைக்கடியில் நுழைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"கையை வெளிய எடுங்க சார்."

எடுக்கவில்லை. டாக்டர் இன்னொரு தடவை சொன்னார். இவர் கேமராவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். கம்பெனி கேட்டில் நிற்கிற முனுசாமிதான் அவர் கண்ணில் இருந்தான். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"காட்டுய்யா" என்றேன். "யாரும் ஒன்னைத் தொரத்த மாட்டாங்க. எவ்ளோ ஆடுதோ அவ்ளோவும் காட்டு."

கொஞ்சம் கொஞ்சமாகக் கையை உருவி மடிமேல் வைத்தார். அது ஆட ஆரம்பித்தது. முதலில் கை, பிறகு முழங்கை, பிறகு தாடையும் சேர்ந்து ஆடியது. நாற்காலியின் கால் தரையில் கடகடவென்று சத்தம் போட்டது. இவர் அதை அடக்கவே இல்லை. ஆறு வருஷமாகப் பாக்கெட்டுக்குள் அடைத்து வைத்த கை, எல்லார் முன்னாலும் அதன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைக்கவும் முடியவில்லை. டாக்டர் தலை நிமிராமல் மார்க் போட்டுக்கொண்டே இருந்தார்.

மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் இவர் கையைக் கட்டிக்கொண்டு எழுந்தார், டேப் வரை போனார், திரும்பினார், வந்து உட்கார்ந்தார். கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

"பாஸா மேடம்?" என்று கேட்டார்.

"இதுல மார்க் அதிகமா வாங்கினாத்தான் மோசம்" என்றார் டாக்டர். "மாத்திரைக்கு முன்னால எக்கச்சக்கமா வாங்கினீங்க, இப்ப அதுல பாதிகூட இல்ல. நல்ல வித்தியாசம். நாங்க எல்லா டாக்டரும் கூடிப் பேசித்தான் தேதி குடுப்போம். என்னைக் கேட்டா, உங்களுக்குச் செய்யலாம். ஆனா நோய் போயிடாது, பேச்சு இதே மாதிரிதான் இருக்கும். பிரஸ் மிஷினுக்குத் திரும்பலாம்னு கனவு காணாதீங்க. மாத்திரை பலம் இல்லாம கிடக்கற நேரம் குறையும், கை ஆடறது அடங்கும். கம்பெனிக்கும் இனிமே உண்மையைத்தான் எழுதிக் குடுக்கணும்."

இவர் தலையாட்டினார்.

"அன்னைக்குக் கேட்டதையே மறுபடி கேக்கறேன். இந்த ஆபரேஷன்லேர்ந்து உங்களுக்கு என்ன வேணும்? இன்டர்வியூ மாதிரி பதில் சொல்லக் கூடாது."

இவர் கால் மேல் போட்டிருந்த காலை இறக்கி வைத்தார்.

"ராத்திரில நானே திரும்பிப் படுக்கணும் மேடம்" என்றார். "இவ ஒவ்வொரு தபாவும் எய்ந்து திருப்பிப் போடறா. காலைல ஷிஃப்டுக்குப் போய் நின்னுக்கினே வேலை செய்யணும். நான் முயிச்சிக்கினுதான் கீறேன். தெரிஞ்சா இவ ரொம்பக் கஷ்டப்படுவாளேன்னு கண்ணை மூடிக்கினு கெடப்பேன். இவ தூங்கணும் மேடம். அது போதும்."

அதற்கு மேல் அறையில் என்ன பேசினார்கள், நான் எதில் கையெழுத்துப் போட்டேன் என்பதெல்லாம் எனக்குச் சரியாக நினைவில்லை. அவர் தூங்குகிறார் என்று நினைத்து நான் பேசாத பேச்சா? நீ இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுததுகூட உண்டு. கம்பெனியை ஏமாற்றினார், டாக்டரை ஏமாற்றப் பார்த்தார், சரி. பக்கத்திலேயே படுத்துக்கொண்டு என்னையும் இத்தனை காலம் ஏமாற்றியிருக்கிறார் இந்த மனுஷர்.

சாயங்கால ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மீஞ்சூர் வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அல்லாத்தையும் கேட்டியா?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

"மொதல்லேர்ந்து."

மாத்திரை இறங்குகிற நேரம். வலது கை மடிமேல் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. பாக்கெட்டுக்குள் போகவில்லை. எதிரே இருந்த பெண் பார்த்தாள், இவர் பார்த்தும் பாராததுபோல் இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் சாய்ந்து, அந்த மெல்லிய குரலில் கேட்டார்:

"அந்தக் குணசுந்தரிக்கு ரகு மெமோ குடுத்தான்ல, அதுல அவ கையெய்த்துப் போட்டாளா இல்லியா? ஆஸ்பத்திரி வேலையில நீ நாலு நாளா ஒன்னியும் சொல்லவே இல்ல."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரெண்டையும் செய்தேன். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்க போட்டா? மெமோவை அவன் மூஞ்சிக்கு நேராக் கியிச்சிட்டாள்ல" என்று ஆரம்பித்தேன். கும்மிடிப்பூண்டி வரும்வரை விடாமல் சொன்னேன். இவர் கண்ணை மூடவே இல்லை.